ஒரே கப்பல், இரண்டு குளிர்

1893இல் நார்வேயின் நான்சென், ‘ஃபிராம்’ என்ற மரக்கப்பலை வடக்கே உறைகடலில் வேண்டுமென்றே சிக்கவைத்தார். பைத்தியக்காரத்தனம் என்றவர்களும் உண்டு. பனியோடு மூன்றாண்டு நகர்ந்த கப்பலிலிருந்து ஆழம் பார்க்கக் கம்பியை இறக்கினால், 3,000 மீட்டருக்கும் கீழே போனது. காலடியில் நிலமே இல்லை, கடல்!

அந்தக் கடல்தான் வடக்கின் கணப்பு. சில மீட்டரே தடித்த பனிக்கட்டி வழியே நீரின் வெப்பம் குளிர்காலம் முழுக்கக் கசிகிறது.

பின்னாளில் அதே ஃபிராமில் தெற்கே போன அமுண்ட்சென், 1911 டிசம்பர் 14 அன்று தென்துருவத்தில் நின்றது சுமார் 2,800 மீட்டர் உயரத்தில். கீழே அண்டார்க்டிகா என்ற கண்டம், அதன்மேல் மலையளவு பனி. உயர உயரக் குளிரும். சுற்றிச் சுழலும் காற்றும் நீரோட்டமும் வெதுவெதுப்பை உள்ளே விடுவதும் குறைவு.

அண்டார்க்டிகாவின் வோஸ்தோக் நிலையத்தில் 1983 ஜூலை 21 அன்று மைனஸ் 89.2 டிகிரி செல்சியஸ் பதிவானது. ஃபிராம் இப்போது ஆஸ்லோ அருங்காட்சியகத்தில், கூரைக்குக் கீழே.