திரையில் ஏறிய கச்சேரி

1972ஆம் ஆண்டு வெளிவந்த ‘தெய்வம்’ என்னும் திரைப்படத்தில், மருதமலை முருகனைப் போற்றும் பாடலொன்றை மதுரை சோமு பாடினார். நடிகர் வாயசைக்கப் பின்னணியில் வேறொருவர் பாடும் வழக்கமான முறை அங்கே கைக்கொள்ளப்படவில்லை. பாடகரே திரையில் தோன்றிக் கச்சேரி செய்தார். கண்ணதாசன் யாத்த அப்பாடல் விருத்தமாகத் தொடங்கித் தாளத்தில் இறங்கி, தர்பாரி கானடா இராகத்தின் சாயலைச் சங்கதிமேல் சங்கதியாக வளர்த்துச் செல்லும். குரல் நின்ற இடத்தை வயலின் பற்றிக்கொள்ளும். பாடியதைத் திருப்பிச் சொல்லும். சில வேளை ஒரு படி மேலே சென்று பாடகரை அழைக்கும். அரங்குகளில் பக்கவாத்தியக்காரர் செய்துவந்த பணியே, இங்கே திரையிசையின் உயிர்நாடியாக அமைந்தது.

அவ்வாறு அமைத்தவர் குன்னக்குடி வைத்தியநாதன். 1935ஆம் ஆண்டு பிறந்த அவர், இளமையிலேயே அரியக்குடி இராமானுச ஐயங்கார் போன்ற பெரியோர்க்கு வயலின் வாசித்தவர். ஏ. பி. நாகராசனின் ‘வா ராஜா வா’ என்னும் படத்தின் வழியாக 1969இல் திரையுலகில் இசையமைப்பாளரானார். ‘தெய்வம்’ சாண்டோ சின்னப்பா தேவர் தயாரித்த படம். அதில் மதுரை சோமுவோடு பித்துக்குளி முருகதாசு, பெங்களூர் இரமணி அம்மாள், சூலமங்கலம் சகோதரிகள் முதலியோரும் பாடினர். கதை ஒருபுறமிருக்க, பாடகர்களின் வரிசையே அப்படத்தை ஒரு திருவிழாக் கச்சேரியாக்கியது எனலாம்.

வயலின் தமிழ்மண்ணில் பிறந்த கருவி அன்று. முத்துசாமி தீட்சிதரின் இளவல் பாலுசாமி தீட்சிதர், சென்னையில் ஐரோப்பியர் ஒருவரிடம் அதனைப் பயின்று கருநாடக இசைக்குக் கொணர்ந்தார் என்பது வரலாறு. தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலுவும் அதனை வளர்த்தவர். மேனாட்டார் நின்று வாசிக்கும் கருவியை நம்மவர் தரையில் அமர்ந்து, அதன் தலையை வலக்காலில் தாங்கி, நரம்புகளைச் சட்சமும் பஞ்சமமுமாகச் சுருதி சேர்த்து வாசித்தனர். விரலை நரம்பின்மீது வழுக்கிச் செல்லவிட்டால் கமகம் பிறக்கும். மனிதக் குரலின் நெளிவுசுளிவுகளை அப்படியே பெயர்த்துத் தரவல்ல கருவி அது என்று கண்டதனாலேயே, பாட்டுக்குத் துணையாக அது நிலைத்துவிட்டது. ஆனால் துணை என்றே ஒரு நூற்றாண்டுக்கு மேல் அது பெரிதும் ஒதுங்கியும் இருந்தது.

அதே 1972இல் வெளிவந்த ‘அகத்தியர்’ தமிழாசிரியர்களுக்கு இன்னும் நெருக்கமான படம். அகத்தியர் இராவணனை இசையால் பிணித்தார் என்னும் செய்தியைத் தொல்காப்பியப் பாயிர உரையில் நச்சினார்க்கினியர் குறித்துச் செல்கிறார். உரையாசிரியர் ஒரு தொடரில் சொல்லி நகர்ந்த அச்செய்தி, திரையில் ஒரு முழு இசைப்போட்டியாக விரிந்தது. டி. எம். சௌந்தரராசனும் சீர்காழி கோவிந்தராசனும் பாட, இராகங்களின் பெயர்கள் பாடலின் சொற்களிலேயே பொதிந்து வர, ஒவ்வோர் இராகமும் தன் பெயர் சொல்லப்படும்போதே தன் உருவைக் காட்டி மறையும். இராகமாலிகை என்றால் என்ன என்று மாணவர்க்கு விளக்க இதனினும் எளிய வழி அரிது.

இம்முயற்சிகள் எல்லாராலும் வரவேற்கப்பட்டன என்று சொல்வதற்கில்லை. குன்னக்குடியார் பின்னாளில் மேடையில் திரைப்பாடல்களை வாசித்ததையும், பறவையொலி முதலியவற்றை வில்லால் எழுப்பியதையும், தவில்மேதை வலையப்பட்டி சுப்பிரமணியத்தோடு இணைந்து வாசித்ததையும் மரபறிந்தோர் சிலர் வேடிக்கை என்றே ஒதுக்கினர். அக்குறை முற்றும் பொய்யன்று. கைதட்டலை நோக்கிச் சென்ற வில் இராகத்தின் அமைதியைச் சில வேளை கலைத்ததுண்டு. ஆயினும் 1976இல் பிறர்க்குப் பக்கவாத்தியம் வாசிப்பதை விடுத்துத் தனிக் கச்சேரியே செய்யத் துணிந்தவர்க்கு, வயலின் தனித்து நின்று பெருங்கூட்டத்தைக் கட்டிவைக்கும் என்ற உறுதியை அளித்ததில் திரைக்கும் பங்கிருக்க வேண்டும். 1983இல் அவரே தயாரித்த ‘தோடி ராகம்’ படத்தில் மதுரை டி. என். சேஷகோபாலன் என்னும் பாடகரையே கதைத்தலைவராக்கினார்.

மரபறிந்தோரின் அக்குறையைச் சுங்கை பெசார், கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களிலிருந்து நோக்கினால் வேறொன்று புலப்படும். தோட்டத்து இலயங்களில் வாழ்ந்தோர்க்குச் சபா ஏது? நுழைவுச்சீட்டு ஏது? திடலில் வெள்ளைத் திரை கட்டிக் காட்டப்பட்ட படங்களும், வானொலியும், கோயில் திருவிழாவின் ஒலிபெருக்கியுமே அவர்கள் பெற்ற இசையரங்குகள். விருத்தம் எவ்வாறு தொடங்கும், சுரம் எவ்வாறு பொழியும், வயலின் எவ்வாறு விடையிறுக்கும் என்பவற்றை, பால்வெட்டி வந்த கைகளோடு அமர்ந்து அவ்வழியிலேயே பலர் கேட்டறிந்தனர். வேடிக்கை என்று ஒதுக்கப்பட்டது அவர்களுக்கு முதற் கச்சேரியாயிற்று.

தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறின. குடும்பங்கள் நகர்களுக்குப் பெயர்ந்தன. மதுரை சோமு 1989இலும் குன்னக்குடி வைத்தியநாதன் 2008இலும் மறைந்தனர். தைப்பூசம் நெருங்கினால் மருதமலைப் பாடல் இன்றும் ஒலிபெருக்கியில் எழுகிறது. சிறுவர்கள் அதனைச் சொல் தவறாமல் உடன் பாடுகின்றனர். குரலுக்குப் பின் எழும் அந்த வயலினை யார் அமைத்தார் என்று கேட்டால்தான் விழிக்கின்றனர்.