தாவரத் தோல்தாளின் வரலாறு

தாவரத் தோல்தாள் என்பது சாதாரணக் காகிதத்தைக் கந்தக அமிலத்தில் சில நொடிகள் நனைத்து உருவாக்கப்படும் உறுதியான தாள் ஆகும். பார்வைக்கு விலங்குத் தோலில் செய்த எழுதுதாளைப் போல இருப்பதால் இப்பெயர் பெற்றது. ஈரத்தில் கிழியாது, எண்ணெய் எளிதில் ஊறாது.

தொடக்கம்

காகிதத்தின் அடிப்படைப் பொருள் செல்லுலோசு. பிரெஞ்சு வேதியியலாளர் ஆன்றி பிராக்கனோ 1819 இல் பழைய துணிகளைக் கந்தக அமிலத்தில் கரைத்துச் சர்க்கரை பெற்றார். அமிலம் செல்லுலோசை முற்றிலும் சிதைக்கக்கூடியது என்பதை இது காட்டியது. ஆனால் அதே அமிலம், அளவும் நேரமும் கட்டுப்படுத்தப்பட்டால், காகிதத்தை வலுப்படுத்தும் என்பதை 1840களில் பிரான்சில் புமரேது, ஃபிகியே ஆகிய இருவர் கண்டனர்.

இதே காலத்தில், 1844 இல், இங்கிலாந்தின் லங்காசயரைச் சேர்ந்த ஜான் மெர்சர் காஸ்டிக் சோடா கரைசலைப் பருத்தித் துணியில் வடிகட்டினார். துணி சுருங்கித் தடித்திருப்பதைக் கவனித்தார். 1850 இல் அவர் பெற்ற காப்புரிமையில் சோடாவுடன் கந்தக அமிலமும் இடம்பெற்றது. துணித்தொழிலில் இன்றும் வழங்கும் 'மெர்சரைசிங்' என்ற சொல் அவர் பெயரிலிருந்து வந்தது.

1850களில் டபிள்யூ. இ. கெய்ன் என்ற ஆங்கிலேயர் இம்முறையைச் செம்மைப்படுத்தினார். இலண்டனின் தெ லா ரூ நிறுவனம் தாளை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

செயல்முறை

இரண்டு பங்கு அடர் அமிலத்துடன் ஒரு பங்கு நீர் கலந்து ஆறவைப்பர். பசை சேர்க்காத காகிதத்தை அதில் நனைத்ததும் இழைகள் உப்பி, அவற்றின் மேற்பரப்பு கூழாகிறது. உடனே நீரில் இட்டால் அந்தக் கூழ் படிந்து, இழைகளுக்கு இடையிலுள்ள துளைகளை அடைக்கிறது. எஞ்சிய அமிலம் நீர்த்த அம்மோனியாவால் நீக்கப்படுகிறது. அமிலம் தங்கிவிட்டால் தாள் நாளடைவில் நொறுங்கிவிடும். உலரும்போது தாள் சுருங்குவதால் அதை இழுத்துப் பிடித்து உலர்த்துவர். காகிதத்துடன் புதிதாக எதுவும் சேர்வதில்லை. உள்ளமைப்பு மட்டுமே மாறுகிறது.

மருத்துவத்திற்கு வழிவகுத்தல்

துளைகள் அடைபட்டாலும் மிக நுண்ணிய இடைவெளிகள் எஞ்சின. இத்தாளை 1861 இல் தாமசு கிரகாம் ஒரு வளையத்தில் பறைபோல இழுத்துக் கட்டி, உள்ளே கரைசலை ஊற்றி, நீரின்மேல் மிதக்கவிட்டார். உப்பும் சர்க்கரையும் வெளியேறின. பிசின், முட்டை வெண்கரு போன்றவை உள்ளேயே தங்கின. சிறுநீரிலிருந்து யூரியாவையும் இவ்வாறு பிரித்தார். இம்முறைக்கு அவர் இட்ட பெயர்தான் டயாலிசிஸ்.

ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் கழித்து, 1943 இல், செருமானிய ஆக்கிரமிப்பிலிருந்த நெதர்லாந்தில் மருத்துவர் வில்லெம் கொல்ஃப் செலோபேன் குழாயைக் கொண்டு செயற்கைச் சிறுநீரகத்தை அமைத்தார். செலோபேனும் வேதிமுறையில் மாற்றப்பட்ட செல்லுலோசே. தொடக்கத்தில் சிகிச்சை பெற்றவர்களில் பெரும்பாலோர் இறந்தனர். 1945 இல் 67 வயதுப் பெண் ஒருவர் உயிர்பிழைத்தார்.

இன்று

வெண்ணெய் பொதியவும் அடுமனைத் தட்டுகளில் விரிக்கவும் தாவரத் தோல்தாள் இன்றும் பயன்படுகிறது. காகித அடுக்குகளைத் துத்தநாகக் குளோரைடில் நனைத்து ஒட்டிச் செய்யும் 'வல்கனைஸ்டு ஃபைபர்' என்ற கெட்டி அட்டை இதற்கு நெருங்கிய உறவு. அது மின்காப்புப் பொருளாகப் பயன்படுகிறது.