மேஸ்திரி சிபாரிசும் சர்வீஸ் சர்டிபிகேட்டும்

கோவை என்றதும் பஞ்சாலைதான் ஞாபகம் வரும். 1888-ல் ஸ்டேன்ஸ் மில் தொடங்கியது. 1932-ல் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு ஊரைச் சுற்றி மில்கள் பெருகின. இத்தனை மில் இருந்தும், ஒன்றை விட்டு இன்னொன்றுக்கு மாறுவது சுலபமாக இல்லை.

காரணம் மேஸ்திரி. ஆள் எடுப்பதும் நிறுத்துவதும் பெரும்பாலும் அவர் சொல்படிதான். அவரைப் பகைத்துக்கொண்டு வெளியேறியவர் பத்து வருஷம் வேலை பார்த்திருந்தாலும், அதை எழுதித் தர வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் கிடையாது. இந்தியா முழுக்க இதே கதைதான். விட்லி தலைமையிலான ராயல் கமிஷன், ஆள் எடுக்கும் அதிகாரம் மேஸ்திரிகளிடம் இருக்கக் கூடாது என்று 1931-ல் சொன்னது.

1946-ல் தொழில் நிலையாணைகள் சட்டம் வந்தது. மத்திய அரசின் மாதிரி நிலையாணைகளில் ஒரு சின்ன வரி: நிரந்தரத் தொழிலாளி ஓய்வு பெற்றாலும், டிஸ்மிஸ் ஆனாலும் சர்வீஸ் சர்டிபிகேட் பெற உரிமை உண்டு. அது நற்சான்று அல்ல. இந்த ஆள் இங்கே வேலை பார்த்தார் என்பதற்கு ஒரு சாட்சி, அவ்வளவுதான். ஆனால் அடுத்த மில் வாசலில் நிற்பவருக்கு அதுவே பெரிய பலம்.

குறையும் அதிலேயே இருந்தது. 'நிரந்தர' என்ற ஒரு வார்த்தை, பதிலியாகவே காலம் தள்ளியவர்களை வெளியே நிறுத்திவிட்டது. அவர்களுக்கு மறுபடியும் தெரிந்தவர் சிபாரிசுதான் கதி.

புகழ்ந்து எழுதுவது முதலாளியின் விருப்பம். உழைத்த வருஷங்களுக்குச் சான்று கேட்பது தொழிலாளியின் உரிமை. இந்த வித்தியாசம் சட்டத்தில் ஏற, கோவையில் முதல் மில் ஓடத் தொடங்கி 58 வருஷம் ஆனது.