பிரம்மா சேவல்: ஐந்தரைக் கிலோவின் வரலாறு

உலகில் வளர்க்கப்படும் மிகக் கனத்த தூய கோழி இனங்களுள் ஒன்று பிரம்மா. அமெரிக்கத் தரநூலின்படி, வெளிர்நிறப் பிரம்மாவில் முதிர்ந்த சேவல் 12 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 5.4 கிலோ எடை இருக்க வேண்டும். பெட்டைக்கு 4.3 கிலோ. எல்லாக் கோழிகளுக்கும் மூதாதையான சிவப்புக் காட்டுச் சேவல் ஒரு கிலோ அளவில்தான் தேறும். விரல் வரை இறங்கிய கால் இறகு, மூன்று தாழ்ந்த வரிகளாகப் படிந்த கொண்டை, கண்ணுக்கு மேலே துருத்திய புருவமேடு, அகன்ற மார்பு ஆகியவை இவ்வினத்தின் அடையாளங்கள். பெயரில் இருப்பது இந்திய ஆறு. இனமாக உருப்பெற்றதோ 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில்.

கப்பலில் வந்த ராட்சதக் கோழிகள்

1842இல் கையெழுத்தான நான்கிங் உடன்படிக்கை, ஷாங்காய் உள்ளிட்ட ஐந்து சீனத் துறைமுகங்களை மேலை நாட்டு வணிகத்துக்குத் திறந்துவிட்டது. தேயிலையும் பட்டும் ஏற்றித் திரும்பிய கப்பல்களில், வழிச் சாப்பாட்டுக்காகவும் வேடிக்கைக்காகவும் கோழிகளும் ஏறின. அவற்றின் உருவத்தைப் பார்த்த பிரிட்டனும் அமெரிக்காவும் வாய் பிளந்தன. விக்டோரியா அரசி வின்ட்சர் மாளிகையில் தனிக் கோழிமனை கட்டி, 'கொச்சின் சைனா' என்ற பெயரில் வந்த ஆசியக் கோழிகளை வளர்த்தார். இன்றைய கொச்சின் இனத்தின் பெயர் அதிலிருந்து வந்ததே; கேரளத்துக் கொச்சிக்கும் அதற்கும் தொடர்பில்லை.

காலமும் தோதாக அமைந்தது. சேவல் சண்டைக் களங்களை பிரிட்டன் 1835இல் சட்டம் போட்டு மூடியிருந்தது. 1849இல் தடை மேலும் இறுகியது. சேவல் வளர்ப்பில் ஊறிய கைகளுக்குப் புதிதாக ஒரு போட்டி தேவைப்பட்டது. கண்காட்சி மேசை அதைத் தந்தது. அங்கே குத்து இல்லை, ரத்தம் இல்லை. உருவம், நிறம், எடை இவற்றைக் கொண்டே வெற்றி தோல்வி. 1849 நவம்பரில் பாஸ்டன் நகரப் பூங்காவில் நடந்த கோழிக் கண்காட்சியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பறவைகள் வைக்கப்பட்டன. பார்க்க வந்த கூட்டம் பத்தாயிரம் என்கிறார்கள்.

பிறப்பைப் பற்றிய சண்டை

பிரம்மாவின் பூர்வீகத்துக்கு இரண்டு கதைகள் உண்டு. ஒன்றின்படி, 1840களில் பிரம்மபுத்திரா ஆற்றங்கரையின் லக்கிப்பூர் துறையிலிருந்து நியூயார்க் வந்த கப்பலில் ஒரு மாலுமி இவற்றைக் கொண்டுவந்தார். கனெக்டிகட்டைச் சேர்ந்த ஒருவர் வாங்கிப் பெருக்கினார். மற்றது, ஜார்ஜ் பர்ன்ஹாம் என்ற பாஸ்டன்காரரின் கூற்று. தான் பிலடெல்பியாவின் டாக்டர் கெர் என்பவரிடம் வாங்கிய சாம்பல் நிறக் கோழிகளே இந்த இனத்தின் மூலம், மற்றதெல்லாம் கட்டுக்கதை என்று அவர் அடித்துச் சொன்னார்.

'சாம்பல் ஷாங்காய்', 'சிட்டகாங்' என்று ஆளாளுக்கு ஒரு பெயர் வைத்து விற்றதால் குழப்பம் முற்றியது. 1852இல் பாஸ்டனில் கூடிய நடுவர்கள், 'பிரம்மபூத்ரா' என்ற பெயரே இருக்கட்டும் என்று முடிவு செய்தார்கள். பின்னாளில் வால் அறுந்து 'பிரம்மா' ஆனது. டார்வினுக்குக் கோழி, புறா பற்றிய விவரங்களைத் தந்து உதவிய வில்லியம் டெகெட்மையரோ, இது அமெரிக்காவில் உருவாக்கப்பட்ட இனம் என்றே கருதினார்.

பறவையின் உடலே ஒருவாறு சாட்சி சொல்கிறது. பருத்த உடலும் கால் இறகும் ஷாங்காய்க் கோழியின் சொத்து. ஆனால் கொச்சினுக்கு இருப்பது பல்லுப் பல்லாக நிமிர்ந்த ஒற்றைக் கொண்டை. பிரம்மாவின் வரிக்கொண்டையும் துருத்திய புருவமும், வங்கத்துச் சிட்டகாங் துறைமுகம் வழியாகப் பெயர் பெற்ற, மலாய்க் கோழி வகையைச் சேர்ந்த உயரமான பறவைகளுடையவை. இரண்டும் அமெரிக்கக் கொட்டகைகளில் கலந்தன என்பதே இன்று பரவலாக ஏற்கப்படும் விளக்கம்.

கோழிக் காய்ச்சல்

1852 இறுதியில் பர்ன்ஹாம் ஒரு காரியம் செய்தார். தன் கோழிகளில் தேர்ந்தெடுத்த ஒன்பதைப் பெட்டியில் அடைத்து விக்டோரியா அரசிக்கு அன்பளிப்பாக அனுப்பினார். அரண்மனையிலிருந்து நன்றிக் கடிதமும், பின்னர் அரசியின் உருவப்படமும் வந்தன. லண்டன் படப் பத்திரிகை ஒன்று 1853 ஜனவரியில் அந்தக் கோழிகளின் படத்தை அச்சிட்டது. அவ்வளவுதான். 12, 15 டாலருக்கு விற்ற ஒரு ஜோடி 100, 150 டாலருக்கு எகிறியது.

தையற்காரர், பாதிரியார், வங்கிக் குமாஸ்தா என்று வேறுபாடில்லாமல் எல்லோரும் முட்டை வாங்கி அடைவைத்த காலம் அது. 'கோழிக் காய்ச்சல்' என்று வரலாறு அதற்குப் பெயர் வைத்தது. ஹெர்மன் மெல்வில்கூட 1853 டிசம்பரில் ஒரு ஷாங்காய்ச் சேவலைச் சுற்றியே சிறுகதை எழுதினார். ஆளுக்கொரு பண்ணையானதும் விற்பவர் பெருகி வாங்குபவர் அருகினர். 1855 வாக்கில் விலை தரையைத் தட்டியது. அதே ஆண்டு பர்ன்ஹாம், இந்தப் பைத்தியத்தைக் கேலி செய்து ஒரு புத்தகமே போட்டுவிட்டார். காய்ச்சலைக் கிளப்பிக் காசு பார்த்தவர்களில் அவரே முதன்மையானவர்.

எடைக்கு எழுதிய சட்டம்

வியாபாரிகள் விலகிய பிறகுதான் வளர்ப்பாளர்களின் வேலை தொடங்கியது. பிரிட்டன் 1865இல் வெளியிட்ட முதல் தரநூலில் வெளிர்நிறம், அடர்நிறம் என இரண்டு வகைப் பிரம்மாக்கள் இடம்பெற்றன. வெள்ளை உடலும், கருங்கோடிட்ட கழுத்தும், கருவாலும் கொண்டது வெளிர்நிற வகை. அடர்நிற வகை இங்கிலாந்தில் செம்மை பெற்றது. அதன் பெட்டைக்கு ஒவ்வோர் இறகிலும் வரிவரியாக வெள்ளிக் கோலம். லூயிஸ் ரைட் 1870இல் பிரம்மாவுக்கென்றே தனி நூல் எழுதினார். 1873இல் தொடங்கிய அமெரிக்கக் கோழிச் சங்கம் மறு ஆண்டே தரநூலில் இரண்டு வகைகளையும் சேர்த்தது. சந்தன மஞ்சள் வகை 1924இல்தான் ஏற்கப்பட்டது.

தரநூல் எடையை மட்டும் கேட்கவில்லை. முழங்கால் மூட்டிலிருந்து விறைப்பான இறகுகள் பின்னோக்கி நீட்டிக்கொண்டிருந்தால் அமெரிக்கக் கண்காட்சியில் பறவை தகுதி இழக்கும். கால் நிறைய இறகு வேண்டும், மூட்டில் மட்டும் நீட்டக் கூடாது. இந்த இரண்டையும் ஒரே சேவலில் கொண்டுவருவதற்குள் வளர்ப்பவர் பல தலைமுறைகளைக் கழித்துக்கட்ட வேண்டியிருக்கும்.

சந்தையில் தோற்ற கதை

1930கள் வரை அமெரிக்காவில் பிரம்மா முக்கியமான கறிக்கோழி. கடுங்குளிரிலும் முட்டையிடும் பழக்கம் அதற்குக் கூடுதல் மதிப்பைத் தந்தது. வயான்டாட், பிரெஞ்சு ஃபாவரோல், நியூஜெர்சியின் ஜெர்சி ஜயன்ட் போன்ற இனங்களை உருவாக்கியவர்கள் பிரம்மாவின் ரத்தத்தைச் சேர்த்தார்கள். அவற்றுள் ஜெர்சி ஜயன்ட் சேவலுக்குத் தரநூல் 13 பவுண்டு கேட்கிறது. கலப்பில் பிறந்தது மூலத்தையே எடையில் முந்திவிட்டது.

பிரம்மாவை வீழ்த்தியது அதன் வளர்ச்சி முறை. முதலில் எலும்பு நீளும், பிறகுதான் சதை பிடிக்கும். சேவல் முழு உருவம் பெற ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆகும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் 'நாளைய கோழி' என்ற பெயரில் போட்டிகள் நடந்தன. 1948 தேசியச் சுற்றில் கார்னிஷ், நியூஹாம்ப்ஷயர் இனங்களின் கலப்பு வென்றது. கார்னிஷ் இனத்தின் மூதாதைகளில் இந்தியாவின் அசில் சேவலும் உண்டு. அந்த வழியில் வந்த இன்றைய பிராய்லர் ஐந்தாறு வாரங்களில் இரண்டு கிலோவைத் தாண்டுகிறது. அந்த வயதில் பிரம்மாக் குஞ்சு நீளக் காலும் மெலிந்த உடலுமாகத் திரியும்.

எடையைச் சுமக்கும் பாதம்

கண்காட்சிக்காகவும் ஆசைக்காகவும் பிரம்மா வளர்ப்பவர் முதலில் பார்க்க வேண்டியது சேவலின் கொண்டையை அல்ல, உள்ளங்காலை. ஐந்து கிலோ உடல் உயரத்திலிருந்து குதித்தால் அடி முழுவதும் பாதத்தில் இறங்கும். சிறு கீறல் வழியே ஸ்டஃபிலோகாக்கஸ் கிருமி புகுந்து, பாதம் வீங்கி, நடுவில் கறுத்த பொருக்கு கட்டும். அதற்குள் சீழ் கெட்டியாக உறைந்திருக்கும். சேவல் ஒற்றைக் காலில் நின்று மறு காலைத் தூக்கித் தூக்கி வைத்தால் சந்தேகப்பட வேண்டும். தொடக்கத்திலேயே கழுவிக் கட்டுப் போட்டால் ஆறும். ஆழமாகிவிட்டால் கால்நடை மருத்துவரிடம்தான் போக வேண்டும். இதைத் தவிர்க்க, அமரும் கட்டை தரையிலிருந்து ஒன்று, ஒன்றரை அடிக்கு மேல் போகாமல், பாதம் முழுவதும் பதியும்படி அகலமாக இருக்க வேண்டும். தரையில் உமி அல்லது மரத்தூள் கனமாகப் பரப்ப வேண்டும்.

கால் இறகு அழகுதான், தொல்லையும் அதுதான். மழைக் காலத்தில் சேறு ஒட்டிக் காய்ந்து, கல் போல உருண்டு தொங்கும். இழுத்தால் இறகோடு ரத்தமும் வரும் என்பதால் வெந்நீரில் ஊறவைத்தே எடுக்க வேண்டும். செதிள்களுக்கு அடியில் குடியேறும் உண்ணி இறகு மறைப்பில் வளர்ந்து, செதிள் எழும்பிச் சுண்ணாம்பு பூத்தாற்போல் ஆன பிறகே கண்ணில் படும். சோப்பு நீரில் தேய்த்துக் கழுவி, எண்ணெய் அல்லது வாசலைனைத் தொடர்ந்து பூசினால் உண்ணி மூச்சடைத்துச் சாகும்.

தீவனத்தில் இரண்டு தவறுகள் வழக்கமாக நடக்கின்றன. சீக்கிரம் எடை ஏற வேண்டும் என்று குஞ்சுக்குப் பிராய்லர் தீவனத்தை அள்ளிக் கொடுத்தால் எலும்பு முதிர்வதற்குள் சதை ஏறிக் கால் வளைந்துவிடும். பெட்டைக்கான முட்டைத் தீவனத்தையே சேவலுக்கும் தொடர்ந்து போட்டால் அதிலுள்ள மிகுதியான சுண்ணாம்புச் சத்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். பெட்டைகளுக்குக் கிளிஞ்சலைத் தனிக் கிண்ணத்தில் வைத்துவிட்டு, சேவலுக்கு அளவான புரதமும் கம்பு, சோளம் போன்ற தானியமும் கீரையும் கொடுப்பது நல்லது.

இனப்பெருக்கத்திலும் எடை குறுக்கே நிற்கும். அடர்ந்த இறகு மறைப்பதால் முட்டைகள் கருவுறாமல் போவதுண்டு. அடைக்கு முட்டை சேர்க்கும் முன் இரண்டு பாலின் பின்துவாரத்தைச் சுற்றியுள்ள இறகைக் கத்தரிப்பது வழக்கம். சேவலின் முள்ளையும் மழுக்காவிட்டால் பெட்டைகளின் முதுகு கிழியும். பெட்டை நன்றாக அடைகாக்கும், ஆனால் தன் எடையாலேயே முட்டையை நொறுக்கிவிடும் ஆபத்து உண்டு. அதனால் பலர் இன்குபேட்டரிலோ நாட்டுக்கோழியிடமோ வைக்கிறார்கள். 21ஆம் நாள் பொரிக்கும் குஞ்சின் காலிலேயே பஞ்சு போன்ற மயிர் தெரியும்.

தமிழ்நாட்டு வெயிலில்

கோழிக்கு வியர்வை கிடையாது. மூச்சிரைத்தும், கொண்டை தாடி வழியாகவும்தான் சூட்டை வெளியேற்றும். பிரம்மாவின் சிறு கொண்டை பாஸ்டன் பனியில் உறைந்து போகாமல் காத்தது. சித்திரை வெயிலில் அதே கொண்டை பாதகம். இங்கே அலங்காரக் கோழியாக இதை வளர்ப்பவர்கள் உயரக் கூரை, நாற்புறமும் காற்றோட்டம், ஓயாத குளிர்ந்த நீர், விடிகாலையிலும் அந்தியிலும் மட்டும் தீவனம் என்று ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கிறது. வெள்ளைக்கழிச்சலுக்கும் அம்மைக்கும் தடுப்பூசி, நாட்டுக்கோழிக்குப் போலவே இதற்கும் கட்டாயம்.

2017 மார்ச்சில் கொசோவோ நாட்டுப் பிரம்மாச் சேவல் ஒன்று கூண்டிலிருந்து வெளிவரும் வீடியோ உலகெங்கும் பரவியது. கோழியா, வேஷம் போட்ட மனிதனா என்று பார்த்தவர்கள் கேட்டார்கள். இப்படிப் பேரெடுத்த பறவைக்கு நல்ல விலை கிடைப்பதால் கலப்புக் குஞ்சுகளும் 'தூய பிரம்மா' என்று கைமாறுகின்றன. கொண்டையை மட்டும் பார்த்து வாங்குவதில் ஒரு சிக்கல் உண்டு. கோழிகளின் கொண்டையை வைத்துத்தான் மரபியலாளர் வில்லியம் பேட்சன் 1902இல் மெண்டலின் மரபு விதி விலங்குகளுக்கும் பொருந்தும் என்று காட்டினார். வரிக்கொண்டை ஓங்கு பண்பு. சாக்ஸ்5 மரபணுவுக்குள் ஒரு டிஎன்ஏ பகுதி பலமடங்கு பெருகியிருப்பதே அதற்குக் காரணம் என்று 2009இல் கண்டறிந்தார்கள். எனவே பிரம்மாவுக்கும் ஒற்றைக் கொண்டைக் கொச்சினுக்கும் பிறந்த குஞ்சும் வரிக்கொண்டையோடுதான் நிற்கும். அந்தக் கலப்புகளைத் தங்களுக்குள் ஜோடி சேர்த்தால், சராசரியாக நான்கில் ஒரு குஞ்சுக்கு ஒற்றைக் கொண்டை எழும்பி, விற்றவர் சொல்லாமல் விட்டதைச் சொல்லிவிடும்.