ஆசனவாய் அருகே வலியில்லாத கட்டி

ஆசனவாயைச் சுற்றியும் அதன் உள்விளிம்பிலும் வலியின்றித் தோன்றும் புடைப்புகள் பல வகைப்படும். பெரும்பாலானவை தீங்கற்றவை, சில தொற்றுநோயின் வெளிப்பாடு, மிகச் சில புற்றுநோய். தமிழ்நாட்டில் இவை அனைத்துக்கும் பொதுவாக வழங்கும் பெயர் மூலம். கழுவும்போது ஏதோ கையில் தட்டுப்படுகிறது, வலிக்கவில்லை, ஆகவே சாதாரண மூலம்தான் என்று முடிவுகட்டி மருந்துக்கடையில் களிம்பு வாங்கிக்கொள்பவர்கள் ஏராளம். இந்த முடிவுக்கு அடிப்படை இல்லை. கட்டி எந்தத் திசுவிலிருந்து கிளம்பியது என்பதற்கு வலியின்மை ஒரு தடயமாகலாம். அது ஆபத்தற்றது என்பதற்குச் சான்றாகாது.

காரணம் அவ்விடத்தின் உடற்கூறு. ஆசனவாயின் வெளிவிளிம்பிலிருந்து ஏறத்தாழ 2 செ.மீ. உள்ளே பல்வரிசை போல் நெளியும் ஓர் எல்லைக்கோடு உண்டு. அதற்குக் கீழே உள்ள பகுதி தோலைப் போலவே வலியை உணரும். மேலே உள்ளது குடலைச் சேர்ந்தது. அங்கே கூர்மையான வலி தெரியாது. உள்மூலத்துக்கு மயக்கமருந்து இல்லாமலே ரப்பர் வளையம் மாட்ட முடிவது இதனால்தான். இந்தக் கோட்டுக்கு மேலே புடைக்கும் உள்மூலம் முக்கும்போது வெளியே வரும்; முதலில் தானாகவே உள்ளே போகும், பிறகு விரலால் தள்ளினால் மட்டுமே போகும். பளிச்சென்ற சிவப்பு இரத்தம் சொட்டும், வலி இராது. வெளிமூலத்தில் இரத்தம் உறைந்தால் கடுமையாக வலிக்கும். வீக்கம் வற்றிய பின் தொங்கும் தோல்மடிப்பு மட்டும் வலியற்று எஞ்சும். நாட்பட்ட வெடிப்பின் வெளிமுனையிலும் இத்தகைய மடிப்பு வளர்வதுண்டு. முதியவர்களுக்கு வெளித்தள்ளுவது சில வேளை மூலமே அல்ல, மலக்குடலே இறங்கி வருவது. உற்றுப் பார்த்தால் வேறுபாடு தெரியும்: இறங்கிய குடலில் மடிப்புகள் வட்டம் வட்டமாக அமைந்திருக்கும்; மூலத்தில் நடுவிலிருந்து வெளிநோக்கிப் பிளவுகள் ஓடும். குழந்தைக்கு மலம் கழிக்கையில் சிவந்த உருண்டை ஒன்று எட்டிப்பார்த்தால் அது பாலிப் எனும் சதைமொட்டாக இருக்கலாம். தோலடி நீர்க்கட்டி, கொழுப்புக்கட்டி ஆகியவை உடலின் பிற இடங்களைப் போலவே இங்கும் வரும்.

தொற்றுகளில் முதலில் சொல்ல வேண்டியது மரு. சொரசொரப்பாக, கொத்துக் கொத்தாக வளரும் இதற்குக் காரணம் எச்.பி.வி. என்ற வைரஸ், பெரும்பாலும் அதன் 6, 11 ஆம் வகைகள். ஆசனவழி உறவே கொள்ளாதவருக்கும் இது வரலாம். ஆகவே மருவைக் கண்டு ஒருவருடைய நடத்தையை எடைபோடுவது அறியாமை. சிபிலிஸ் இன்னும் ஏமாற்றக்கூடியது. தொற்றிய சுமார் 3 வாரத்தில் அடிப்பகுதி தடித்த, வலியற்ற புண் ஒன்று தோன்றி, மருந்தில்லாமலே ஆறிவிடும். இரண்டாம் கட்டத்தில் ஆசனவாயைச் சுற்றித் தட்டையான, ஈரமான தடிப்புகள் எழும். அவையும் தானாக மறையும். மறைந்தது அடையாளம்தான், நோய் அல்ல. இரத்தப் பரிசோதனை அதைக் காட்டிக்கொடுக்கும். பென்சிலின் அதைக் குணப்படுத்தும்.

புற்றுநோய் இங்கே அரிது. ஆனால் தொடக்கத்தில் மூலத்துக்கும் அதற்கும் அறிகுறிகள் ஒன்றே: புடைப்பு, அரிப்பு, இரத்தக் கசிவு. ஆசனவாய்ப் புற்றுநோயில் பெரும்பகுதி எச்.பி.வி.யால், அதிலும் 16 ஆம் வகையால் உண்டாகிறது. கருநிறப் புற்றான மெலனோமாவை இரத்தம் உறைந்த மூலம் என்று எண்ணிவிடுவதும் நடக்கிறது. பெரும்பாலோருக்குத் தீங்கற்றதுதான் என்றால் எல்லாரையும் ஏன் பயமுறுத்த வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். எல்லாருக்கும் ஸ்கேனோ கொலோனோஸ்கோப்பியோ தேவையில்லை. இடப்பக்கம் சாய்ந்து படுக்கவைத்து, விரலாலும் பிராக்டோஸ்கோப் என்ற குறுங்குழாயாலும் சில நிமிடம் பார்த்தாலே பெரும்பாலான கட்டிகள் இன்னதென்று புரிந்துவிடும். கூச்சம் தடுக்கிறதென்றால் பெண்கள் பெண் மருத்துவரைக் கேட்கலாம், உடன் ஒருவரை வைத்துக்கொள்ளலாம். கட்டி கல்போல் கெட்டியாக இருத்தல், புண்ணாதல், வளர்ந்துகொண்டே போதல், தொடையிடுக்கில் நெறிகட்டுதல், மலம் போகும் பழக்கம் மாறுதல், காரணமின்றி எடை குறைதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் களிம்பு போட்டுப் பார்க்கும் பேச்சுக்கே இடமில்லை. திசுச் சோதனை செய்தாக வேண்டும்.

கத்தி பட்டால் பரவிவிடும் என்ற அச்சத்தில் அந்தச் சோதனையைப் பலர் மறுக்கிறார்கள். இந்தக் கட்டிகளில் அந்த அச்சத்துக்கு ஆதாரம் இல்லை. சோதிக்காமல் விடுகிற மாதங்களில்தான் நோய் பரவுகிறது. கண்டுபிடித்தாலும் ஆசனவாயை எடுத்துவிட்டு வயிற்றில் பை வைப்பார்களே, அறிந்து என்ன பயன் என்பது இன்னொரு தயக்கம். ஒரு காலத்தில் அதுவே நடைமுறை. 1974இல் அமெரிக்க அறுவை மருத்துவர் நார்மன் நைக்ரோ, கதிர்வீச்சையும் வேதிமருந்தையும் சேர்த்துக் கொடுத்தபோது ஆசனவாய்ப் புற்றுக்கட்டி கரைந்துவிடுவதை எழுதினார். இன்று அந்த நோயின் முதல் சிகிச்சை அந்தக் கூட்டுமுறைதான்; காலத்தில் வருபவர்களில் பெரும்பாலோருக்கு நிரந்தரப் பை தேவைப்படுவதில்லை.