எலும்பு மஜ்ஜைக்குள் ஒரு கணக்கு



சோகை என்றதும் இரும்புச்சத்து மாத்திரையும் முருங்கைக்கீரையும்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால், எத்தனை கீரை கொடுத்தாலும் தேறாத சோகை ஒன்று உண்டு. அதுதான் தலசீமியா. அதன் காரணத்தைக் கண்டறிந்த வரலாற்றில் ஓர் அத்தியாயம் நம் சிங்கப்பூரில் தொடங்கியது.

1950களின் இறுதியில் கட்டாய இராணுவச் சேவைக்காக இங்கு வந்தவர் டேவிட் வெதரால் என்ற இளம் ஆங்கில மருத்துவர். பிரிட்டிஷ் இராணுவ மருத்துவமனையில், கூர்க்கா வீரர் ஒருவரின் சின்னஞ்சிறு மகள், இரத்தம் ஏற்றினால்தான் உயிர் தங்கும் என்ற நிலையில் இருந்தாள். மலாயாப் பல்கலைக்கழகத்தின் வெல்லா என்பவர் துணையோடு, கார் பேட்டரி மின்சாரத்தைக் கொண்டே அவளது இரத்தத்தை ஆராய்ந்தார் வெதரால். தலசீமியா என்று தெரிந்தது. மத்தியதரைக்கடல் மக்களின் நோய் எனப் பெயர் பெற்றிருந்த ஒன்று, நேபாளக் குடும்பத்தில்! 1960இல் இருவரும் அதை வெளியிட்டார்கள்.

நோயின் பெயர் தெரிந்தது. காரணம் என்ன?

நம் எலும்பு மஜ்ஜை விநாடிக்குச் சுமார் 20 லட்சம் சிவப்பணுக்களை உருவாக்குகிறது. அவற்றிலுள்ள ஹீமோகுளோபினில் ஆல்பா சங்கிலி இரண்டு, பீட்டா சங்கிலி இரண்டு. 1965இல் வெதரால், கிளெக், நாட்டன் ஆகியோர், கதிரியக்கம் கொண்ட அமினோ அமிலத்தை இளம் சிவப்பணுக்களுக்குக் கொடுத்தார்கள். அணுக்கள் அதைக்கொண்டு புதிய புரதம் செய்தன. பிறகு சங்கிலிகளைப் பிரித்து, எதில் எவ்வளவு கதிரியக்கம் என்று அளந்தார்கள். நலமானவர்களிடம் இரண்டும் சமம். பீட்டா தலசீமியா நோயாளிகளிடம் பீட்டா குறைவு; துணையில்லாத ஆல்பா மிச்சம். அந்த மிச்சமே அணுவுக்குள் படிந்து, பல அணுக்களை மஜ்ஜையிலேயே அழித்துவிடுகிறது.

மஜ்ஜையிலும் இந்த அளவை நடந்தது. நோய்க்கூற்றைச் சுமப்பவர்களின் மஜ்ஜையில் இரண்டு சங்கிலிகளும் சமமாக இருப்பதாக 1970இல் ஓர் ஆய்வு சொன்னது. இரத்தத்திலோ சமமில்லை. இது புதிராக இருந்தது. மிஞ்சிய ஆல்பாவை இளம் அணுக்கள் தாமே சிதைத்துவிடுகின்றன என்பது பின்னர் கிடைத்த விளக்கம். சுமப்பவர்கள் நலமாக நடமாட அதுவும் ஒரு காரணம். தாம் சுமப்பதே பலருக்குத் தெரிவதில்லை.

ஆபத்து அங்கேதான் இருக்கிறது. பீட்டா குறையைச் சுமக்கும் இருவர் மணந்தால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. பத்துப் பொருத்தம் பார்க்கும் நாம், மணநாள் குறிக்கும் முன் ஓர் இரத்தப் பரிசோதனையும் செய்துகொள்வோமே!