ஊம் கொட்டும் கதையும் விரல் ஓடும் கதையும்

ஆழ்வார்குறிச்சி வீட்டுத் தார்சாவில் ஆச்சி சொல்லும் கதைக்கு இருட்டு வேண்டும். அம்மா மடியில் வைத்து வாசிக்கும் படப்புத்தகத்துக்கு விளக்கு வேண்டும். அது காதுக்கு, இது கண்ணுக்கு என்று பிரித்துவிடலாம்தான். சற்று நின்று பார்த்தால் அந்தக் கோடு அழிகிறது.

ஆச்சியின் நரி கடனா ஆற்றில் தண்ணீர் குடிக்கும். ராசா சிவசைலத்துக்கு வண்டி கட்டிப் போவார். புத்தகத்து நரிக்கு ஊரில்லை. 'ஒரு காடு', அவ்வளவே. ஆச்சி கதை இரவுக்கு இரவு மாறும், அச்சிட்டது மாறாது. விந்தை என்னவென்றால், பிள்ளைகள் இரண்டிடமும் எதிர்மாறானதைக் கேட்கிறார்கள். ஆச்சி ஓரிடத்தை மாற்றினால், "நேத்து அப்படிச் சொல்லலயே ஆச்சி" என்று வழக்கு. புத்தகத்தை மூடினாலோ, "பெறவு நரி எங்க போச்சு?"

மொழியில் விலகல் பெரிது. ஆச்சியிடம் எல்லாரும் 'வந்தா', 'போனா'. புத்தகத்தில் 'வந்தாள்', 'சென்றாள்'. எழுத்துக் கூட்டுவதோடு, வீட்டில் எவரும் பேசாத ஒரு தமிழையும் நம் பிள்ளை பழகியாக வேண்டும். அம்மாவின் விரல் 'நரி சென்றது' என்பதன் கீழ் ஓடுகிறது. வாய் 'நரி போச்சு' என்கிறது. இதைப் பிழையென்போர் உண்டு. நான் திருத்தமாட்டேன். கதை மனத்தில் பதிந்தபின் உள்ளபடியே வாசித்தால் 'சென்றது' அந்நியமாகத் தோன்றாது. முதல் சில இரவுகளில் புத்தகத்துக்குள்ளிருந்து பேசுவது ஆச்சிதான்.

ஆச்சிக்குள்ளும் புத்தகம் உண்டு. இன்றைய ஆச்சிமார் பலர் சிறுமிகளாயிருந்த காலம், 1947இல் தொடங்கிய 'அம்புலிமாமா' வீடுகளுக்கு வந்துகொண்டிருந்த காலம். அவர்கள் சொல்லும் வேதாளக் கதை அந்த இதழிலிருந்து வந்ததா, அவர்களுடைய ஆச்சியிடமிருந்தா என்று யார் பிரிப்பது?

இரண்டுக்கும் நெருங்கிய உறவு 'ஊம்'மில் இருக்கிறது. கேட்கும் பிள்ளை ஊம் கொட்டாவிட்டால் ஆச்சி நிறுத்திவிடுவாள். கோயில் கொடையில் வில்லுப்பாட்டும் அப்படித்தான். பின்பாட்டுக்காரர் 'ஆமா' போடாமல் புலவர் நகர்வதில்லை. அமெரிக்காவில் க்ரோவர் வைட்ஹர்ஸ்ட்டும் உடனிருந்தோரும் 1988இல் வெளியிட்ட ஆய்வும் கேட்பவரின் பங்கைப் பற்றியதே. புத்தகத்தை வெறுமனே வாசிக்காமல், நடுநடுவே கேள்வி கேட்டு, பிள்ளையைச் சொல்லவைக்கப் பெற்றோரைப் பழக்கினார்கள். ஒரே மாதத்தில், வழக்கம்போல் வாசித்துக் காட்டப்பட்ட பிள்ளைகளைவிட இவர்கள் பேச்சில் முந்தினார்கள். வேறுபாடும் உண்டு: ஊம் கதையை ஓடவிடுகிறது, கேள்வி நிறுத்திவைக்கிறது. பக்கத்துக்குப் பக்கம் "இது என்ன நிறம்?" என்று பரீட்சை வைக்கும் அப்பாக்களுக்கு ஆச்சியிடம் கொஞ்சம் பாடம் இருக்கிறது.

இன்னும் எழுத்தறியாத பேத்தி, புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்தபடி ஆச்சியின் மடியில் ஏறி, தானே 'வாசிக்கிறாள்'. நரி கடனா ஆற்றங்கரைக்கு வந்துவிட்டது. பேச்சுக்கு நடுவே ஒரு 'சென்றது'ம் விழுகிறது. இம்முறை ஊம் கொட்டுவது ஆச்சி.